கண்ணைச் சுற்றிய வீக்கமும் ஒட்டுண்ணிகளும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமையிலோ கண்ணைச் சுற்றியோ வீக்கமும் சிவப்பும் தோன்றி, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் நீடிக்கும்போது, உள்ளே புழு ஏதும் இருக்குமோ என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் எந்த ஒட்டுண்ணி, அது எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரியாமல் எடுத்துக்கொள்ளும் மருந்து, நோயைவிட அதிகக் கேட்டை விளைவிக்கக்கூடும் என்பதால், இந்த விடைகள் மருந்தைக் காட்டிலும் அடையாளம் காண்பதைப் பற்றியே கூடுதலாகப் பேசுகின்றன.

கண்ணைச் சுற்றி வீங்கினாலே அதற்கு ஒட்டுண்ணிதான் காரணம் என்று கருதலாமா?

கருதக் கூடாது. இமையோரச் சுரப்பியில் வரும் கண்கட்டி, தூசியாலும் மையாலும் வரும் ஒவ்வாமை, பூச்சிக்கடி, 'மெட்ராஸ் ஐ' எனப்படும் தொற்று, கண்ணீர்ப் பையில் அடைப்பு, சைனஸிலிருந்து கண்குழிக்குப் பரவும் சீழ் ஆகியவையே பெரும்பாலான வீக்கங்களுக்குக் காரணம். காலையில் எழும்போது இரண்டு கண்களும் ஒருசேர உப்பியிருந்து, பகல் ஏற ஏற வடிந்தால், கண்ணை விடுத்துச் சிறுநீரகத்தைச் சோதிப்பதே முறை. விழி பிதுங்கி, இமை மேலேறித் தோன்றினால் தைராய்டைச் சோதிக்க வேண்டும்.

ஒட்டுண்ணியை நினைக்கத் தூண்டும் தடயங்கள் வேறு. வீக்கம் ஒரே கண்ணில் இருக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும், அல்லது வந்து வந்து போகும். சில வேளை இன்று இமையிலும் சில நாள் கழித்துக் கன்னத்திலும் என இடம் மாறும். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அசையாது. தோலுக்கடியில் ஏதோ ஊர்வதைப் போன்ற உணர்வு இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். இப்படிச் சொல்பவரை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடாமல் இமையை ஒரு முறை நன்கு பார்த்துவிடுவது நல்லது; சில வேளை அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

ஒட்டுண்ணி எவ்வாறு அழற்சியை உண்டாக்குகிறது?

உயிரோடிருக்கும் புழு, தான் தங்கியுள்ள உடலின் நோய் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரந்து, ஓரளவுக்குத் தன்னை மறைத்துக்கொள்கிறது. அதனால் பல மாதங்கள் எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். புழு நலிந்தோ இறந்தோ போகும்போது அதன் உடலிலுள்ள புரதங்கள் வெளியே கசிய, அதுவரை அமைதியாக இருந்த எதிர்ப்பு அணுக்கள் ஒரே நேரத்தில் அங்கே திரள்கின்றன. வீக்கம், வலி, சிவப்பு எல்லாம் அப்போதுதான் வெளிப்படுகின்றன. புழு தானாக இறந்தாலும் மருந்தால் இறந்தாலும் விளைவு ஒன்றே. இதை மனத்தில் கொண்டால், கீழே மாத்திரையைப் பற்றியும் அறுவையைப் பற்றியும் சொல்லப்படுபவற்றில் பாதி தானே விளங்கும்.

கொசுக்கடியால் கண்ணில் புழு வருமா?

வரும். டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்னும் நூல் போன்ற புழு இயல்பாக நாயின் தோலுக்கடியில் வாழ்வது. அதன் நுண்ணிய குஞ்சுகள் நாயின் இரத்தத்தில் மிதக்கின்றன. நாயைக் கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. கொசுவின் உடலுக்குள் அவை இரண்டு வாரம் போல வளர்ந்து, அடுத்த கடியின்போது வேறொரு நாய்க்கோ பூனைக்கோ செல்கின்றன. இடையே மனிதன் அகப்பட்டுக்கொண்டால் அவனுக்குள்ளும் நுழைகின்றன. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் உறவினம்தான் இது. ஆனால் யானைக்கால் புழுவுக்கு மனிதனே உரிய இருப்பிடம், இதற்கு நாய்.

மனித உடல் இதற்கு ஏற்ற இடம் அன்று. உள்ளே நுழைந்தவற்றுள் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. எஞ்சும் ஒற்றைப் புழு இனப்பெருக்கம் செய்ய வழியின்றித் தோலுக்கடியில் அலைகிறது. முதிர்ந்த பெண் புழு நாயில் 10 முதல் 17 சென்டிமீட்டர் வரை வளரும். மனிதரிடமிருந்து எடுக்கப்படும் புழுக்களும் பல சென்டிமீட்டர் நீளம் இருப்பது வழக்கம். அலைந்து திரியும் அந்தப் புழு உடலின் எந்தப் பகுதியிலும் தங்கலாம் என்றாலும், கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியுள்ள மெல்லிய படலத்தின் அடியிலும் இமையிலும் கன்னத்திலும் தங்குவது அடிக்கடி அறியப்பட்டிருக்கிறது. இமையில் தங்கினால் உருண்டையான, சற்றே வலிக்கும் கட்டியாகத் தோன்றும். கண்கட்டி என்று நினைத்துப் பல நாள் ஒத்தடம் கொடுத்தும் கரையாமல், கட்டியை அறுத்து எடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்பிய பிறகுதான் உள்ளே புழு சுருண்டு கிடந்தது தெரியவரும் நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியுள்ளன. கொசு கடித்ததற்கும் கட்டி தோன்றுவதற்கும் இடையே மாதங்கள் ஓடிவிடுவதால், எந்தக் கொசு எங்கே கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது நம் மாவட்டத்துக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது?

இந்தியாவில் மனிதரிடம் இந்தப் புழு கண்டறியப்பட்ட செய்திகளில் பெரும் பங்கு கேரளத்திலிருந்தே வருகிறது. இலங்கையிலும் இது நன்கு அறியப்பட்டது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்றாலும், மழையும் கொசுவும் ஆட்சி எல்லையைப் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பகுதிகளின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு நிறுத்தப்படும் மழைக்காலத்தில், மரத்தில் கட்டிய சிரட்டைகள் கவிழ்க்கப்படாமல் விடப்பட்டால் ஒவ்வொன்றும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிறது. ஆகாயத்தாமரை அடர்ந்த குளங்களில் மான்சோனியா கொசு அந்தச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. கழிவுநீர்த் தொட்டிகளில் வேறு இனங்கள். இந்தப் புழுவைச் சுமப்பதில் கொசுக்களுக்குள் இன வேறுபாடு அதிகம் இல்லை. கியூலெக்ஸ், ஏடிஸ், அனாஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் அந்தத் திறன் உண்டு.

அப்படியானால் வீட்டு நாயை அப்புறப்படுத்திவிட வேண்டுமா?

தேவையில்லை. நாய் நக்குவதாலோ, அதைத் தொட்டுக் கொஞ்சுவதாலோ இந்தப் புழு தொற்றாது. நடுவே கொசு இருந்தே தீர வேண்டும். வீட்டு நாயைத் துரத்திவிட்டாலும் தெரு நாயைக் கடித்த கொசு சன்னல் வழியாக வரத்தான் செய்யும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கால்நடை மருத்துவரிடம் நாயின் இரத்தத்தைச் சோதிக்கச் செய்து, புழுக்குஞ்சுகள் இருந்தால் உரிய மருந்தையும், பின்னர் அவர் சொல்லும் தடுப்பு மருந்தையும் தவறாமல் கொடுப்பதே பயன் தரும். தொற்றுள்ள நாய் பெரும்பாலும் நலமாகவே காணப்படும் என்பதால், பார்வைக்கு நன்றாக இருப்பதைக் கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது.

நாயின் மலத்தின் வழியாக மண்ணில் சேரும் டாக்ஸோகாரா என்னும் உருண்டைப் புழுவின் முட்டை வேறொரு தொல்லை. மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு அது தொற்றினால், கண்ணைச் சுற்றி வீக்கம் இல்லாமலேயே விழித்திரை பாதிக்கப்பட்டு, ஒரு கண்ணில் பார்வை குறையும். மாறுகண்ணாக வெளிப்படும் குழந்தைகளும் உண்டு.

கண்ணின் வெள்ளையில் புழு நெளிவது கண்ணாடியில் தெரிந்தால் என்ன செய்வது?

அச்சம் வருவது இயல்பு. ஆனால் பார்வை போய்விடும் அபாயம் அந்தக் கணத்தில் குறைவு. கண்ணைக் கசக்கக் கூடாது. ஊசி, சாவணம், துணி எதைக் கொண்டும் தாமாக எடுக்க முயலக் கூடாது. எண்ணெய், தாய்ப்பால், பூச்சாறு எதையும் விடக் கூடாது. முடிந்தால் கைபேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவசரத்துக்குக் காரணம், புழு வெளியே தெரியும் நேரம் குறைவு என்பதே. அது கண்குழிக்குள் பின்வாங்கிவிட்டால் மறுபடி தென்படும் வரை காத்திருக்க நேரும். மருத்துவர் வந்து பார்க்கும்போது எதுவும் தெரியாவிட்டால், அந்தக் காணொளிதான் சான்று.

தெரியும் நிலையில் இருந்தால், சொட்டு மருந்தாலோ சிறு ஊசியாலோ மரத்துப்போகச் செய்து, படலத்தில் சிறு திறப்பு வைத்துப் புழுவை முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்த புழுவின் மேல்தோலில் நீளவாக்கில் ஓடும் வரிகளை நுண்ணோக்கியில் பார்த்து இனத்தை உறுதி செய்வது வழக்கம். டைரோஃபைலேரியாவைப் பொறுத்தவரை, புழுவை முழுமையாக எடுத்துவிட்டால் சிகிச்சை முடிந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதன்பின் மாத்திரை தேவைப்படுவதில்லை.

பன்றி இறைச்சியே சாப்பிடாதவருக்கும் கண்ணில் நாடாப்புழுக் கட்டி வருமா?

வரும். இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் செய்தி. சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிடுபவருக்குக் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அது சில மீட்டர் நீளம் வரை வளர்ந்து, அவருடைய மலத்தில் முட்டைகளை வெளியேற்றுகிறது. அந்த முட்டைகள் கழுவாத கை, மாசுபட்ட நீர், பச்சைக் காய்கறி வழியாக மற்றொருவரின் வாய்க்குள் சென்றால், அவருக்குக் குடலில் புழு வளராது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பருவம் குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசையிலோ மூளையிலோ கண்ணிலோ நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். ஆகவே ஆபத்து இறைச்சியைத் தின்றவருக்கு மட்டுமல்ல. அவர் கையால் சமைத்ததை உண்பவருக்கும் அவரோடு ஒரே வீட்டில் வசிப்பவருக்கும் உண்டு. பரம்பரையாகச் சைவ உணவு உண்பவர்களும் இதனால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். பன்றி இறைச்சியைத் தவிர்த்ததாலேயே தமக்கு இது வராது என்று நம்புவதும், அதை உண்பவர்களை மட்டும் குறை சொல்வதும் ஒரே அளவுக்குப் பொருளற்றவை. இறைச்சியை நன்றாக வேகவைப்பது, கழிவறையைப் பயன்படுத்துவது, சமைக்குமுன் சோப்பிட்டுக் கை கழுவுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இந்தச் சங்கிலி அறுபடும்.

இந்திய நோயாளிகளிடம் இந்தக் கட்டி, விழியை அசைக்கும் தசைகளில் தங்குவது மிகுதியாகக் காணப்படுகிறது. குழந்தைகளும் இளைஞர்களுமே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். கண் சிவந்து வலிக்கும், இமை தொங்கும், ஒரு பக்கம் பார்க்கும்போது உருவம் இரண்டாகத் தெரியும். சில நாளில் தணிந்து மீண்டும் வரும். விழிக்கோளத்துக்குள்ளேயே, விழித்திரையின் அடியிலோ கண்ணின் கூழ்மத்திலோ தங்குவதும் உண்டு; அதுதான் பார்வைக்கு மிகப் பெரிய கேடு.

வலிப்பு நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையா?

உண்மை. அதே நீர்க்கட்டி மூளையில் தங்கினால் வலிப்பை உண்டாக்குகிறது. கண்ணில் கட்டி இருப்பவருக்கு மூளையிலும் இருக்கலாம் என்பதால், கண்ணுக்கான சிகிச்சையைத் தொடங்குமுன் மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், அது சிறு வயதில் நிகழ்ந்ததாக இருந்தாலும், கண் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நோயாளி நினைப்பதும், பெண் பிள்ளையின் திருமணத்தை எண்ணிக் குடும்பத்தார் தயங்குவதும் இந்தத் தகவலை மருத்துவருக்கு எட்டாமல் செய்துவிடுகின்றன.

பூச்சி மாத்திரை போட்டால் போதாதா?

போதாது, சில நிலைகளில் போடவே கூடாது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களின் குடற்புழு நீக்க நாட்களில் கொடுக்கப்படும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை குடலிலுள்ள புழுக்களுக்கானது. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது, அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் தோலுக்கடியில் அலையும் டைரோஃபைலேரியாவுக்கு அந்த ஒற்றை மாத்திரை தீர்வாகாது.

கண் தசையில் தங்கிய நாடாப்புழுக் கட்டிக்கும் அல்பெண்டசோல்தான் மருந்து என்றாலும், உடல் எடைக்கேற்ற அளவில் ஏறக்குறைய 4 வாரம் கொடுக்கப்படுகிறது. கூடவே, புழு இறக்கும்போது கிளம்பும் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கட்டி விழிக்கோளத்துக்குள் இருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே மருந்தால் புழுவைக் கொன்றால், அது உள்ளேயே சிதைந்து எழுப்பும் அழற்சி அந்தக் கண்ணின் பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆகவே அறுவை செய்து கட்டியை முழுதாக வெளியே எடுப்பதே முதல் வழி. மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் மாத்திரை எடுத்தவருக்கு வலிப்பு வந்த நிகழ்வுகளும் உண்டு. கண் வீக்கத்துக்காக மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போடுவது, விளக்கைப் போடாமல் வீட்டுக்குள் கம்பு சுற்றுவதற்குச் சமம்.

குளத்தில் குளிப்பதால் கண்ணுக்கு ஒட்டுண்ணி வருமா?

குளமும் ஆறும் நிறைந்த மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் நீரிலிருந்து வருபவை ஒன்றல்ல.

முதலாவது, தென்னிந்தியக் குழந்தைகளிடம் அறியப்பட்ட தட்டைப்புழு அழற்சி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2000-களின் தொடக்கத்தில் இதை விரிவாக எழுதினார்கள். ஊர்க்குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் சிறுவர்களுக்கு ஒரு கண் சிவந்து, கருவிழிக்குப் பின்னாலுள்ள அறையில் முத்துப் போன்ற வெண்மையான முடிச்சு தோன்றுகிறது. சிலருக்குக் கண்ணின் வெள்ளைப் படலத்தில் முடிச்சு வருகிறது. நீரில் வாழும் நத்தைகளிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுவின் இளம்பருவமே காரணம் என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. மீன் உண்ணும் பறவைகளே அந்தப் புழுவின் இறுதி இருப்பிடம். நீரில் விழித்திருக்கும் சிறுவனின் கண்ணுக்குள் அது வழிதவறி வந்து சேர்கிறது. சிறிய முடிச்சுகள் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் கரைந்துவிடும். பெரியவற்றை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும். குளிக்கும் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், காசநோய் உட்பட வேறு பலவற்றுக்கான சோதனைகளில் நாள் கழியும்.

இரண்டாவது, ரைனோஸ்போரிடியம். இதை நெடுங்காலம் பூஞ்சை என்றே கருதினார்கள். பிற்கால மரபணு ஆய்வுகள் இதை மீன்களைத் தாக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களின் கூட்டத்தில் சேர்த்தன. இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் அதிகம். தேங்கிய நீரில் குளிப்பவர்களிடமும் ஆற்றுமணல் அள்ளுபவர்களிடமும் காணப்படுகிறது. மூக்கினுள் சதை வளர்ந்து இரத்தம் கசிவது இதன் வழக்கமான முகம்; ஆனால் இமையின் உட்புறத்திலும் கண்ணீர்ப் பையிலும் வளரும். உட்புற இமையில் சிவந்த சதையின்மேல் வெண்புள்ளிகள் சிதறியது போலத் தோன்றும். கண்ணீர்ப் பையில் வளர்ந்தால் மூக்குக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட மூலையில் வீக்கமும் இரத்தம் கலந்த கண்ணீரும் வரும். வெட்டி எடுத்து அடிப்பகுதியைச் சுடுவதுதான் சிகிச்சை. எச்சம் தங்கினால் மீண்டும் வளரும் இயல்புடையது.

மூன்றாவது, அகாந்தமீபா. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் மண்ணிலும் இருக்கும் அமீபா இது. கான்டாக்ட் லென்ஸ் அணிந்தபடி குளிப்பவர்களுக்கு வருவதாகவே பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்; ஆனால் இந்தியாவில், கண்ணில் மண்ணோ இலையோ பட்டுச் சிராய்ப்பு ஏற்பட்ட உழவர்களிடமும் தொழிலாளர்களிடமும் இது கணிசமாகக் காணப்படுகிறது. கருவிழியில் புண் ஏற்படும், இமை வீங்கும், பார்த்தால் சிறிதாகத் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவு கடும் வலி பலருக்கு இருக்கும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

இவை எல்லாம் ஒரு சாதாரணக் குளியலால் எல்லாருக்கும் வந்துவிடுவதில்லை. ஓடும் நீரில் குளிப்பது, மாடு குளிப்பாட்டும் தேக்கத்தைத் தவிர்ப்பது, சிவந்த கண்ணோடும் கான்டாக்ட் லென்ஸோடும் நீரில் இறங்காமல் இருப்பது போதுமான முன்னெச்சரிக்கை. குளியலையே நிறுத்தச் சொல்வது நம் ஊரில் நடக்கிற காரியமன்று, தேவையும் அன்று.

இமை மயிரில் பேனும் உண்ணியும் ஒட்டுமா?

ஒட்டும். இமை மயிரைப் பற்றுவது பெரும்பாலும் தலைப்பேன் அன்று, உடலின் மறைவிட மயிரில் வாழும் வேறு இனம். இமை அரிக்கும், ஓரம் தடித்துச் சிவக்கும், மயிரின் அடியில் ஈர் தெரியும். உருப்பெருக்கி வைத்து இடுக்கியால் எடுத்து, மருத்துவர் தரும் களிம்பைத் தடவுவார்கள். தலைப்பேன் மருந்தைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. குழந்தையிடம் இது காணப்பட்டால் எவ்வாறு தொற்றியது என்று மருத்துவர் நிதானமாகக் கேட்பார். அது குழந்தையின் பாதுகாப்புக்கான கேள்வி, பெற்றோர் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாயிடமும் மாட்டிடமும் இருந்து வரும் உண்ணி, இமையில் சிறு மரு போல ஒட்டிக்கொள்ளும். சுடுவதோ எண்ணெய் ஊற்றுவதோ பிய்ப்பதோ கூடாது; தலைப்பகுதி தோலுக்குள் தங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத டெமோடெக்ஸ் என்னும் சிற்றுயிர் பெரியவர்கள் பலரின் இமை மயிர்க்காலில் எப்போதும் வாழ்கிறது. எண்ணிக்கை மிகும்போது காலையில் அரிப்பும், மயிரின் அடியைச் சுற்றி மோதிரம் போன்ற செதிலும் தோன்றும்.

ஆடு மேய்க்கையில் கண்ணில் ஏதோ மோதியது, அன்றிலிருந்து உறுத்துகிறது. அது என்ன?

ஆட்டின் மூக்கில் குஞ்சு இடும் ஒருவகை ஈ, பறந்தபடியே மனிதரின் கண்ணில் நுண்ணிய புழுக்களைத் தெளித்துவிட்டுப் போகும். சற்று நேரத்தில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தப் புழுக்கள் ஒளியைக் கண்டால் இமையின் மடிப்புக்குள் ஒளிந்துகொள்வதால், வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். நீரால் கழுவினாலும் போகாது, கொக்கியால் பற்றிக்கொண்டிருக்கும். மருத்துவர் இமையைத் திருப்பி, மரத்துப்போகச் செய்து, ஒவ்வொன்றாக எடுப்பார்.

வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்கள் எதைச் சொல்ல வேண்டும்?

எந்த நாட்டில் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் ஒருவகை ஈயின் கடியால் வரும் லோவா லோவா புழுவும் கண்ணின் வெள்ளையின் குறுக்கே ஊர்ந்து செல்லும். கை கால்களில் திடீரென வீக்கம் வந்து மறையும். டைரோஃபைலேரியாவைப் போல இதை ஒற்றைப் புழு என்று எடுத்துவிட்டு விட முடியாது. இரத்தத்தில் குஞ்சுகளின் எண்ணிக்கையை அறியாமல் மருந்து கொடுத்தால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. தென் அமெரிக்காவில் இருந்து வந்தவருக்கு, 1909-இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் விவரித்த, ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோயின் தொடக்க அறிகுறியாக, ஒரு கண் இமை வலியின்றி வீங்கலாம். தாய்லாந்து போன்ற நாடுகளில் வேகாத நன்னீர் மீனை உண்டவருக்கு இடம் மாறும் வீக்கம் வந்தால் நாத்தோஸ்டோமா என்னும் புழுவை நினைக்க வேண்டும்.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

ஸ்லிட் லாம்ப் கருவியில் கண்ணைப் பார்ப்பதும், இமையைத் திருப்பிப் பார்ப்பதும், கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்ப்பதும் முதலில். கண்ணின் அல்ட்ராசவுண்டு எளியது, செலவு குறைவு. நீர்க்கட்டியையும் அதனுள் புழுத்தலையைக் குறிக்கும் ஒளிப்புள்ளியையும் காட்டும், சில வேளை உள்ளே புழு அசைவதையே காட்டிவிடும். தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வகை வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது ஒட்டுண்ணியைச் சுட்டலாம். ஆனால் ஒவ்வாமையிலும் அவை கூடும், டைரோஃபைலேரியா இருந்தும் கூடாமல் இருக்கும். எனவே அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மகிழவோ கலங்கவோ வேண்டாம். எடுக்கப்படும் கட்டியைத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நோயாளியின் உரிமை.

மருந்துக்கடைச் சொட்டு மருந்தும் நாட்டு வைத்தியமும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

சிவந்த கண்ணுக்கு என்று கேட்டால் கிடைக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்ட மறுநாளே சிவப்பு குறையும், நோயாளிக்கு நம்பிக்கை பிறக்கும். அடியில் இருப்பது அமீபாப் புண்ணாக இருந்தால், அந்த அமைதிக்குப் பின்னால் கருவிழி அரித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தமும் புரையும் சேரும். மேலே பல இடங்களில் ஸ்டீராய்டு சிகிச்சையாகச் சொல்லப்பட்டிருப்பதை இதற்கு முரணாகக் கொள்ள வேண்டாம். எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்து கொடுப்பது வேறு.

நந்தியாவட்டைப் பூவை மூடிய இமையின்மேல் குளிர்ச்சிக்காக வைப்பதைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை. அதைப் பிழிந்து கண்ணுக்குள் விடுவது வேறு. தாய்ப்பாலும் வேப்பிலைச் சாறும் அப்படியே. தூய்மையற்ற எந்த நீர்மமும் ஏற்கெனவே புண்பட்ட கண்ணுக்குள் புதுக் கிருமியைக் கொண்டுசேர்க்கும்.

எந்த அறிகுறிகளில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

பார்வை மங்குதல், உருவம் இரண்டாகத் தெரிதல், விழி முன்னே தள்ளுதல், விழியை அசைத்தால் வலித்தல், வீக்கத்தோடு காய்ச்சல், தலைவலியோடு வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு. இவற்றில் பல, ஒட்டுண்ணியைவிடக் கண்குழியில் சீழ் பிடித்திருப்பதைக் குறிப்பவை. குழந்தைகளுக்கு அது மணிக்கணக்கில் முற்றும். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். எல்லையோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் அருகில் என்றால் அங்கே செல்வதில் தயக்கம் வேண்டாம்.

ஒரு முறை குணமானால் மீண்டும் வருமா?

டைரோஃபைலேரியா புழுவை எடுத்த பிறகு அதே புழு திரும்ப வர வழியில்லை. இன்னொரு கொசுவிடமிருந்து புதிதாகத் தொற்றலாம், ஆனால் அது அரிது. நாடாப்புழுக் கட்டி கரைந்தவர்களுக்கு ஒரு வேலை மீதம் இருக்கிறது. முட்டையைக் கொடுத்தவர் அதே வீட்டில் இருக்கக்கூடும் என்பதால், வீட்டிலுள்ளோர் அனைவரும் மலப் பரிசோதனை செய்துகொண்டு, குடலில் நாடாப்புழு உள்ளவர் மருத்துவரின் மேற்பார்வையில் அதை வெளியேற்ற வேண்டும். தசையில் தழும்பு விழுந்திருந்தால் புழு போன பிறகும் ஒரு பக்கம் பார்க்கையில் உருவம் இரண்டாகத் தெரிவது நீடிக்கலாம். ஸ்கேனில் கட்டி முழுதும் மறைந்து, கண்ணின் நிலை மாறாமல் சில மாதங்கள் நின்ற பிறகே அதற்கான கண்ணாடியோ மாறுகண் அறுவையோ தீர்மானிக்கப்படும்.